கொலை உண்டாம், கொலைகாரன் இல்லையாம்!

"உள்ளதை உள்ளபடி எழுதுவதே இலக்கியம். அதில் கட்சி கூடாது, கொடி கூடாது, கோஷம் கூடாது. எழுத்தாளன் ஒரு கண்ணாடி. எதிரில் நிற்பதைக் காட்டுவதோடு அவன் வேலை தீர்ந்தது."

இந்தப் பாட்டை நெடுநாளாகப் பாடி வருகிறார்கள். பட்டணத்துச் சபாக்களிலும் டில்லி மண்டபங்களிலும் ஒலித்த பாட்டு இப்போது கேளம்பாக்கம் வரை வந்து சேர்ந்துவிட்டது. சமீபத்தில் இங்கே ஒரு படிப்பகக் கூட்டத்துக்கு வந்த இலக்கியக் கனவான் ஒருவர் இதைத்தான் ஒரு மணி நேரம் பாடிவிட்டுப் போனார். அவர்மீது நமக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. ஆனால் இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருந்த மில் தோழர்களும், நடவு முடித்துச் சேறு கழுவிய காலோடு வந்திருந்த தாய்மார்களும், "ஐயா சொல்லுவதும் நியாயமாகத்தானே இருக்கிறது" என்று தலையாட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு வாய்மூடி இருப்பதற்கில்லை.

உள்ளபடி என்றால் எதுவரை உள்ளபடி? கேள்வி அதுதான்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை உப்பளங்களை ஒட்டிப் போகிறது. விடுமுறை நாளில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நீலவானம், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், தலையில் கூடையோடு வரப்பின்மேல் நடக்கும் ஒரு பெண். நல்ல படம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாத்தி யாருடையது? மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது அந்தப் பெண்ணின் அடுப்பு யார் கொடுத்த முன்பணத்தில் எரிகிறது? அந்த முன்பணம் மறுவருடக் கூலியில் எப்படிக் கழிக்கப்படுகிறது? படத்தில் இது எதுவும் விழாது. கண்ணாடியிலும் விழாது. அப்படியானால் அது பொய்யா? பொய்யல்ல. உள்ளதில் பாதி. பாதியைக் காட்டி முழுசு என்று விற்கிற வியாபாரத்தைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

பெரிய பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பசியையும் அழுக்கையும் நோயையும் அப்படியே தீட்டி, இதெல்லாம் ரத்தத்தின் கோளாறு, குலத்தின் கோளாறு, இயற்கையின் விதி, மனிதனால் ஆவது ஒன்றும் இல்லை என்று முடிக்கிற எழுத்துக்கு இயற்பண்புவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதே பசியை எழுதி, இந்தப் பசியால் கொழுப்பவன் யார் என்று கேட்டு, பசித்தவன் கை ஓங்குவதையும் கண்டு எழுதுவது யதார்த்தவாதம். இரண்டும் ஏழையைப் பற்றித்தான் எழுதும். அதனால்தான் நம் மக்கள் ஏமாந்து போகிறார்கள்.

இந்தச் சண்டை நம் ஊரில் முளைத்ததல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா 1880-ல் ஒரு கட்டுரையில், மருத்துவன் உடலைச் சோதிப்பது போல நாவலாசிரியன் மனிதனைச் சோதிக்க வேண்டும் என்று வாதாடினார். தத்துவம் குறுகியது; நல்ல வேளையாக அவர் பேனா அதைவிடப் பெரியது. நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றிய 'ஜெர்மினல்' நாவலை 1885-ல் எழுதினார். 1902-ல் அவர் சவ ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர்கள் அந்த நாவலின் பெயரையே கோஷமாக முழங்கினார்கள்.

ஆனால் இந்தக் கதையின் முழு நாடகமும் நடந்தது அமெரிக்காவில்தான். அங்கே உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது. உடனே ரயில்வே ராஜாக்களும் இரும்பு ராஜாக்களும் கிளம்பினார்கள். நாட்டின் நிலமும் சட்டசபையும் அவர்கள் மடியில் விழுந்தன. இதைக் கண்ட எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்?

போருக்கு முன்பே, 1861-ல், ரெபெக்கா ஹார்டிங் டேவிஸ் என்ற பெண்மணி 'இரும்பு ஆலைகளில் வாழ்க்கை' என்று ஒரு கதை எழுதினார். உலைக்களத் தொழிலாளி ஒருவன், இரும்பு உருக்கும்போது கழிந்து விழும் கசடைச் செதுக்கி ஒரு பெண் சிலை செய்கிறான். முதலாளி வீட்டுப் பிள்ளையும் அவன் நண்பர்களும் ஆலையை வேடிக்கை பார்க்க வருகிறார்கள். சிலையைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். பசி என்கிறான் தொழிலாளி. ஒருவர் வியக்கிறார், ஒருவர் உபதேசம் செய்கிறார், முதலாளி மகன் இதெல்லாம் தன் பொறுப்பில்லை என்று கை கழுவுகிறான். உலை முன் நிற்கும் மில் தோழனுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கதையை அமெரிக்க இலக்கிய உலகம் நூறு வருஷம் மறந்தே போனது. 1972-ல் அதை மீட்டு மறுபடி அச்சேறச் செய்தவர் டில்லி ஓல்சன். அவர் வேலை செய்து பிழைத்த பெண். இளமையில் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். புதைத்தவர்கள் யார், தோண்டி எடுத்தவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் வில்லியம் டீன் ஹோவெல்ஸ். அமெரிக்க யதார்த்தவாதத்தின் பெரிய தலை; பெரிய பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர்; வசதியான மனிதர். 1886-ல்கூட, வாழ்க்கையின் சிரித்த முகந்தான் அமெரிக்காவுக்கு உரியது என்று எழுதிக்கொண்டிருந்தார். அதே 1886 மே மாதம் சிகாகோவில் என்ன நடந்தது? எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் திரண்டார்கள். மே 4-ந் தேதி ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. எறிந்தவன் யார் என்று நிரூபிக்காமலேயே எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். 1887 நவம்பர் 11-ல் பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் என்ற நால்வரைத் தூக்கிலிட்டார்கள். நம் மே தினம் பிறந்த கதை இதுதான். சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடியதும் இந்தத் தியாகத்தைத்தான்.

தூக்குக்குச் சில நாள் முன்னால் ஹோவெல்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கருணை கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பெரிய எழுத்தாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த நேரம் அது. பத்திரிகைகள் அவரைத் தூற்றின. 1890-ல் அவர் எழுதிய நாவலில் நியூயார்க் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. சிரித்த முகம் மறைந்துவிட்டது. அவர் புரட்சிக்காரர் அல்ல, கடைசி வரை கனவான்தான். ஆனாலும் நாலு தூக்குக் கயிறு அவர் கண்ணைத் திறந்துவிட்டது. பக்கம் சேராமல் உள்ளதைக் காண முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

இனி பிராங்க் நாரிஸ். இவர் இயற்பண்புவாதத்தின் அமெரிக்கத் தளபதி. கலிபோர்னியாவில் மசெல் ஸ்லூ என்ற இடத்தில் 1880 மே 11-ல் ரயில்வே கம்பெனிக்கும் கோதுமை விவசாயிகளுக்கும் நிலத் தகராறில் துப்பாக்கிச் சூடு நடந்து ஏழு பேர் மாண்டார்கள். இந்த உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாக வைத்து 1901-ல் 'ஆக்டோபஸ்' என்ற நாவலை எழுதினார். எட்டுக்கால் கொண்ட கடல் பிராணி அது. ரயில்வே கம்பெனிக்கு அவர் வைத்த பெயர். நாவலின் பெரும்பகுதி நெருப்பு. கம்பெனி வாடகையை ஏற்றி விவசாயியை நசுக்குவதை, நீதிமன்றத்தை விலைக்கு வாங்குவதை, ஒரு பக்கம் ரயில்வேச் செல்வர் வீட்டில் விருந்து நடக்க மறுபக்கம் நிலம் பறிபோன குடியானவனின் மனைவி தெருவில் பட்டினியால் சாவதை, ஒளிக்காமல் எழுதினார்.

முடிவு என்ன தெரியுமா? கதையில் வரும் கவிஞன் கொதித்துப்போய் ரயில்வே தலைவனைப் பார்க்கப் போகிறான். அந்தக் கிழவன் நிதானமாக உபதேசம் செய்கிறான்: கோதுமை தானே விளைகிறது, ரயில் பாதை தானே வளர்கிறது, இவை சக்திகள், இதில் மனிதனைக் குற்றம் சொல்லாதே என்கிறான். கவிஞன் வாயடைத்து வெளியே வருகிறான். ஏழு பிணம் விழுந்தது, சுட்டவன் யாரும் இல்லை, சக்தி சுட்டது! கடைசியில் ஆசிரியர் நமக்கு ஓர் ஆறுதலும் சொல்லுகிறார். மனிதர்கள் மடிந்தாலும் கோதுமை நிலைக்குமாம். அது கப்பலேறிப்போய்ப் பஞ்சத்தில் வாடும் இந்தியர்களைக் காப்பாற்றுமாம்.

இந்தியப் பஞ்சம்! அமெரிக்க நாவலாசிரியருக்கு அது மழை பொய்த்த கதை. நமக்கோ அது பாட்டன் பூட்டன் செத்த கதை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. பஞ்ச நிவாரண வேலையில் ஒரு நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற வெள்ளை அதிகாரி விதி செய்தார். அந்தக் கூலிக்கு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே மக்கள் கால்வாய் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அதுவும் அதனோடு இணைந்த நீர்வழி முழுவதும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே ஓடுவது அதே கால்வாய்தான். அதைத் தாண்டித்தான் நாம் கோவளம் போகிறோம். பஞ்சம் இயற்கை என்றால் கப்பலில் தானியம் ஏற்றியது யார்? அதுவும் சக்தியா?

நாரிஸுக்கு முன்பே இந்த நோயைக் கண்டு சொன்னவர் ஏங்கல்ஸ். 1888 ஏப்ரலில், லண்டன் தொழிலாளிப் பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய மார்கரெட் ஹார்க்னஸ் என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். உன் கதையில் விவரங்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் தொழிலாளி வர்க்கம் தன் காலில் நிற்க முயலாத கூட்டமாக அல்லவா வருகிறது, நிஜ உலகில் அவர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்களே என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் கோஷம் சேர்க்கச் சொல்லவில்லை. விட்டுப்போன உண்மையைச் சேர்க்கச் சொன்னார்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

கீழத்தஞ்சையில் 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டினார்கள். அதற்கு முன் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலுமே கூலி. சங்கம் வந்தது, அடி நின்றது, கூலி கேட்கிற வாய் திறந்தது. 1968-ல் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். கேட்டவர்கள் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர்கள். நிலப்பிரபுக்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, செங்கொடியை இறக்கு என்றார்கள். இறக்கவில்லை. டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணிக்குள் அடியாட்களோடு புகுந்தார்கள். ஓடி ஒளிய இடமில்லாமல் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 உயிர்.

வழக்கு நடந்தது. நாகப்பட்டினம் கோர்ட்டு 1970-ல் நிலப்பிரபுக்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் 1973-ல் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது: இவர்கள் பெரும் நிலம் உடையவர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்று. நிலம் இருந்ததால்தான் தீ வைத்தார்கள். நிலம் இருப்பதாலேயே தீ வைத்திருக்க மாட்டார்கள் என்றது நீதி.

இரண்டு வருஷம் கழித்து, 1975-ல், இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வந்தது. டில்லியில் பேராசிரியர், நல்ல எழுத்தாளர், நம் மக்கள்மீது அனுதாபம் உள்ளவர்தான். பட்டணத்து வாசகர் மறந்துவிடப் பார்த்த கொடுமையை நாவலாக்கி அவர்கள் முன் வைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் முடிச்சை எங்கே கட்டினார்? அரைப்படி நெல்லிலா? செங்கொடியிலா? இல்லை. பண்ணையாரின் ஆண்மைக் குறையில் கட்டினார்! அவன் உடம்பில் ஒரு குறை, அதனால் மனதில் ஒரு புண், அந்தப் புண் சீழ்பிடித்து ஊரை எரித்தது என்று ஆயிற்று. கூலித் தகராறு கதையில் உண்டு. ஆனால் திரைச்சீலையாகப் பின்னால் போய்விட்டது. முன்னால் நிற்பது ஒரு நோயாளி. 1977-ல் இதற்குச் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது.

நீதிபதி சொன்னார்: பணக்காரன் செய்திருக்க மாட்டான். நாவல் சொன்னது: நோயாளிதான் செய்வான். வார்த்தை வேறு, பலன் ஒன்று. இரண்டிலும் நிலப்பிரபு வர்க்கம் தப்பித்துக்கொண்டது. அங்கே கலிபோர்னியாவில் 'சக்தி' சுட்டது போல, இங்கே 'குறை' கொளுத்தியது.

நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். தலைமுறை தலைமுறையாகத் தஞ்சையின் எத்தனையோ பண்ணைகளில் சாணிப்பாலைக் கரைத்து ஊற்றினார்களே, அத்தனை மிராசுதார்களுக்கும் அதே குறைதானா? அத்தனை பேருக்கும் வைத்தியம் பலிக்காமல் போய்விட்டதா? ஒருவேளை எல்லோருக்கும் நல்ல லேகியம் கிடைத்திருந்தால் அரைப்படி நெல்லை மனமுவந்து அளந்திருப்பார்களா?

கனவான் ஒருவேளை சொல்லுவார்: "மனித மனத்தின் ஆழத்தைப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிரச்சாரம்தான் வேண்டும்." மனத்தைப் பார்க்கட்டும், தாராளமாகப் பார்க்கட்டும். கூலி கேட்கிறவன் நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும் பண்ணையாரின் மனத்தில் என்ன ஓடியது? நேற்றுவரை தெருவில் நடக்கும்போது துண்டை இடுப்பில் கட்டியவன் இன்று தோளில் போட்டு நடந்தால் அந்த மனம் என்ன பாடுபடும்? அதில் ஆழம் இல்லையா? அதை எழுத ஆயிரம் பக்கம் போதாது. அந்த மனத்தை எழுதப் பயந்துதான் படுக்கையறைக்குள் ஓடுகிறார்கள்.

பிரச்சாரம் என்ற சொல்லும் புதிதல்ல. தொ.மு.சி. ரகுநாதன் 1953-ல் 'பஞ்சும் பசியும்' எழுதியபோது அவர் முகத்திலும் இதைத்தான் வீசினார்கள். நூல் கிடைக்காமல், தறி ஓடாமல், நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளர் பட்டினி கிடந்த காலத்தை அந்த நாவல் எழுதியது. பசிக்குக் காரணம் விதியல்ல, நூல் பதுக்கலும் சர்க்கார் கொள்கையும் என்று சொன்னது. நெசவாளர் ஒன்று திரள்வதையும் சொன்னது. ஒன்று திரண்டது பொய்யா? அன்றைக்கு ஊர் ஊராக நெசவாளர் தெருவில் இறங்கியது கற்பனையா? நடந்ததை எழுதினால் பிரச்சாரம், நடக்காத நிம்மதியை எழுதினால் கலை! செக் மொழிக்காரர்கள் அந்த நாவலைத் தங்கள் மொழியில் பெயர்த்துப் படித்தார்கள். இங்கே இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். செங்கொடியைக் கடைசிப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் கதை தானாக நின்றுவிடும் என்று நினைத்து எழுதிய சோனிக் கதைகளும் உண்டு. அவற்றில் முதலாளிக்குத் தொப்பை, தலைவருக்கு மீசை, வேறு யாருக்கும் முகமே கிடையாது. அதுவும் உள்ளதில் பாதிதான், மறுபாதி. அந்தச் சரக்கை யதார்த்தவாதம் என்று நாம் விற்கத் தேவையில்லை.

ராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். அவர் எந்த வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கியவரல்ல. ஆனால் உப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததும் தூத்துக்குடி அளங்களுக்கே போனார், வெயிலில் நின்றார், தொழிலாளியிடம் கேட்டார். 1979-ல் வந்த 'கரிப்பு மணிக'ளில் உப்பின் வெள்ளை ஒளி கண்ணைப் பறிப்பதும், உப்புநீர் காலை அரிப்பதும் இருக்கிறது. அதோடு கங்காணியின் கையும், கூலிக் கணக்கும், சங்கத்தின் பேச்சும் இருக்கிறது. கோவளம் சாலைப் படத்தில் விழாத அத்தனையும் அதில் விழுந்திருக்கிறது. கீழ்வெண்மணியைப் பற்றியே 1999-ல் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார். அவர் தஞ்சை மண்ணின் மனிதர். பேச்சு அந்த மண்ணின் பேச்சு, கோபம் அந்தச் சேரியின் கோபம். டில்லியிலிருந்து வந்த கதாநாயகர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை.

சினிமாவிலும் இந்த வித்தை நடக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர் சங்கமும் கட்டியவர் பி.எச். டேனியல். அவர் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'எரியும் பனிக்காடு' என்று 2007-ல் தமிழில் வந்தது. அதைத் தழுவி 2013-ல் பாலா 'பரதேசி' எடுத்தார். கொட்டகையில் நம் தாய்மார்கள் அழுதார்கள். அழ வேண்டிய கொடுமைதான். ஆனால் படம் எங்கே முடிகிறது? மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு வந்து சிக்க, பாறைமேல் உட்கார்ந்து ஒருவன் கதறுவதில் முடிகிறது. எழுதியவரே சங்கம் கட்டியவர். அந்த மலைகளில் கொடி ஏறியது, கூலி உயர்ந்தது, கங்காணி முறை ஒழிந்தது. அது திரையில் வரவில்லை. அழுது முடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நம் பக்கத்துக்கு நெருங்கிய ஒரு புத்தகத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். டி. செல்வராஜின் 'தோல்', 2010-ல் வந்தது, 2012-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. (பரிசுக்காரர்கள் எப்போதும் தவறுவதில்லை.) திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்கள், முன்பணக் கடனுக்குத் தங்களையே அடகு வைத்தவர்கள், சங்கம் கண்ட கதை அது. பெரிய புத்தகம், ஒரே மூச்சில் முடியாது. பத்துப் பேர் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்டால் நன்றாக ஓடும். தாம்பரம் பக்கத்துத் தோழர்களுக்கு அது அயலூர்க் கதையாகவும் இருக்காது. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் கிடங்குகளில் வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது தெருவில் இருந்தால் அவர்களையும் கூட்டி உட்கார வையுங்கள். சுண்ணாம்புக் குழி வருகிற பக்கங்களைப் படித்துக் காட்டுங்கள். எங்கே சரி, எங்கே தவறு என்று அவர்களே சொல்லுவார்கள்.